தாசன் திரும்பவில்லை

படம் தொடங்குவது ஒரு பேரேட்டில்.
ஆரியங்காவு செக்போஸ்ட். வைக்கோல் லாரி.
தார்ப்பாய் மடிப்பில் வீடியோ கேமரா ஒன்று.
உரியவர் வரவில்லை.
அவ்வளவுதான் எழுத்து. அப்புறம் முழுக்க
ஆடுகிற வெளிச்சம், மூச்சு,
மூலையில் யாரும் திருத்தி வைக்காத கடிகாரம்
பன்னிரண்டு பன்னிரண்டு என்று மினுக்கிக்கொண்டு.

எனக்கு அப்போது பதினொரு வயது.
செங்கோட்டையில் பாதிப் பேர் அதைப் படமென்றே நம்பவில்லை.
புனலூருக்குக் கல்யாண வீடியோ எடுக்கப் போன தாசனை
நிஜமாகவே தேடினார்கள்.
கருவூலத்தில் வேலை பார்த்த என் மாமா
டார்ச் லைட்டோடு கோட்டைவாசல் வரை போய்
கருப்பசாமிக்குச் சுருட்டு வைத்துவிட்டு வந்தார்.
"அங்க ஒண்ணும் இல்ல" என்றார்.
அந்த ஒண்ணுமில்லைதான்
அன்றைக்கு எங்களைத் தூங்கவிடவில்லை.

வருஷா வருஷம் ஆனி கடைசிச் சனி
மசூதின் அரிசி மண்டி மாடியில் கூடுகிறோம்.
சாரல் கணவாயைத் தாண்டி வந்து ஜன்னலைத் தட்டும்.
பிரின்ஸி கழுதுருட்டியிலிருந்து கடைசி பஸ்ஸில் வருவாள்.
அவளுக்குத் தமிழ் வசனம் மனப்பாடம்,
எனக்கு மலையாளம்.
வேனுக்குள் எல்லாரும் ஒன்றாகக் கத்தும் இடத்தில்
இரண்டு பேருக்கும் எந்த மொழியும் வேண்டியதில்லை.

ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் ஒரு சத்தம்.
எஸ் வளைவில் இறங்கும் லாரியின் ஏர் பிரேக் என்பான் ரெஜிமோன்,
பதினாறு வருஷமாக அந்த வளைவில் வண்டி இறக்குகிறவன்.
கொஞ்ச நேரம் கழித்து அவனே சொல்வான்,
"பிரேக்குன்னா காத்த வெளிய விடும்.
இது உள்ள இழுக்குது."

மசூதிடம் இருப்பது கீறல் விழுந்த தட்டு.
மணப்பெண்ணின் முகம் வேன் கண்ணாடியில்
பதினொரு விநாடி உறைந்து நிற்கும்.
போன வருஷம் கழுவித் துடைத்த நல்ல பிரதி வந்தது.
அதில் அவள் சும்மா திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.
மசூது எழுந்து லைட்டைப் போட்டான்.
"இது வேற பொண்ணு" என்றான்.
பழைய தட்டையே வைத்தோம்.

பேயை ஒருதரம்கூடக் காட்டுவதில்லை.
தாசனையும்தான்.
கேமராவைப் பிடித்திருப்பவன் முகம் எப்படித் தெரியும்?
ஒரு இருமல்.
எழுபத்துமூன்றாம் நிமிடத்தில் கண்ணாடியை மூடும் இடது கட்டைவிரல்,
நகத்தடியில் பிறை போல ஒரு வெட்டுத் தழும்பு.
"யாரும் அசையாதீங்க, வெளிச்சம் வரட்டும்."
முடிந்தது.

படம் விட்டால் புளியரையில் பரோட்டா.
கல்லுக்குப் பின்னால் கோமதிநாயகம், அறுபதைத் தாண்டிய ஆள்.
மாவு வீசும்போது
அந்தப் பிறை விளக்கடியில் வந்து வந்து போகும்.

நாங்கள் கேட்டதே இல்லை.
புதுசாகச் சேர்ந்த இசக்கிராஜ் ஒருதரம்
"அண்ணே, நீங்கதான…" என்று ஆரம்பித்தபோது
மேஜைக்கடியில் ஆவுடை அவன் காலை மிதித்தாள்.
"…கொஞ்சம் சால்னா" என்று முடித்தான்.
அவர் ஊற்றினார். நிறையவே ஊற்றினார்.

இந்த வருஷம் மழை பலம்.
இரண்டாவது பரோட்டாவைப் பிய்க்கும்போது கரண்ட் போனது.
மலை இருந்த இடத்தில் மலையைவிடக் கறுப்பாக ஏதோ.
அடுப்பு மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி.
அதற்கு அந்தப் பக்கமிருந்து
முதலில் இருமல்.
அப்புறம் அந்தக் குரல், அதே நிதானம், அதே இடைவெளி,
"யாரும் அசையாதீங்க,"

மிச்சத்தைச் சொல்லவில்லை அவர்.
பிரின்ஸியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.
ஆறு பேரும் அசையவில்லை,
கரண்ட் வந்த பிறகும்.